துணைக்கால் நின்ற வாசல்

சென்னியப்பனின் கால்கள் ஆனைமலைக் கோயில் படிகளில் ஏறின. ரேஷன் கடை வரிசையில் பொறுமையாக நகர்ந்தன. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியின் சாய்தளத்தில் ஏறி இறங்கின. பழைய நண்பர் ஒருவரின் துக்க வீட்டில், செருப்புகள் குவிந்து கிடந்த குறுகலான நடையைக்கூடத் தடுமாறாமல் கடந்தன. ஒரே ஒரு வாசலில் மட்டும் நின்றுவிட்டன. அது அவருடைய ஒரே மகள் பூங்கோதையின் வீட்டு வாசல். அந்தக் கால்களைச் செய்த பொறியாளர்களில் பூங்கோதையும் ஒருத்தி என்பதுதான் வேடிக்கை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. கோவை சரவணம்பட்டியில் வீட்டு கேட்டுக்கு முன்னால் காரிலிருந்து இறங்கினார். துளசித் தொட்டியைச் சுற்றி வந்தார். படிகளில் ஏறினார். திறந்திருந்த கதவுக்கு ஓர் அடி முன்னால், அவர் மாட்டியிருந்த துணைக்காலின் இடுப்பிலும் முழங்காலிலும் இருந்த மோட்டார்கள் மெல்ல முனகி அடங்கின. பாதி தூக்கிய வலது பாதம் தரைக்கே திரும்பியது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வாங்க சம்பந்தி, உள்ள வாங்க” என்றார் பூங்கோதையின் மாமியார் மரகதம், கையில் தண்ணீர்ச் செம்புடன்.

“வர்றனுங்க. நான் வர்றேன்னுதான் சொல்றேன். இதுதான் வரமாட்டேங்குது.”

“அந்த இரும்பு டவுசரக் கழட்டிப் போட்டுட்டு வாங்க.”

“கழட்டுனா நான் இங்கயே விழுந்துருவனுங்க.”

“நான் தூக்கிக்கறேன் மாமா” என்று யுவராஜ் முன்னால் வந்தான். பூங்கோதையின் கணவன், ஆள் நல்ல உயரம்.

“ஐயோ மாப்பிள்ளை, வேண்டாமுங்க” என்று சென்னியப்பன் பதறிப் பின்வாங்கினார். பின்வாங்குவதற்கு மட்டும் கால்கள் உடனே ஒத்துழைத்தன.

வராந்தா நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். காபி கொண்டுவந்தபோது இப்போதுதான் வழியில் குடித்ததாகச் சொன்னார். வழியில் அவர் எங்கும் இறங்கவில்லை என்பது காரை ஓட்டிவந்த பூங்கோதைக்குத் தெரியும். வெயில் தாழ்ந்ததும் திரும்ப ஆனைமலைக்கே அவரை ஓட்டிக்கொண்டு போனாள்.

துணைக்கால் எப்படி வேலை செய்கிறது என்று யார் கேட்டாலும் பூங்கோதைக்கு உற்சாகம் வந்துவிடும். நாம் ஒரு காலை எடுத்து வைக்க நினைத்தவுடன், மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகத் தொடைத் தசைக்கு ஒரு மின்துடிப்பு போகிறது. சென்னியப்பனுக்கு முதுகில் ஒரு வட்டு நகர்ந்து நரம்பை நசுக்கியிருந்தது. அதனால் துடிப்பு போய்ச் சேர்ந்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி பலவீனமாகத்தான் சேரும். தசைக்கு அது போதாது. துணைக்காலின் உணரி ஒட்டுகள் தோலின்மேல் இருந்துகொண்டு அந்த மெல்லிய கூப்பாட்டைக் கேட்கும். கேட்டதை மோட்டார்கள் முழு பலத்தோடு செய்து முடிக்கும். பட்டனோ குரல் கட்டளையோ கிடையாது. மனிதன் நடக்க நினைக்கிறான், நடக்கிறான். எஸ்டேட்டில் தேயிலை லாரி ஓட்டி வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் வாழ்ந்த மனிதர், ஒரு வருடம் கட்டிலில் கிடந்த பிறகு, முதல்முறை அதை மாட்டிக்கொண்டு எழுந்து போய்த் தானே முகம் கழுவிய காலையைப் பூங்கோதை மறக்கமாட்டாள். அந்தப் பெருமை, வாங்கிய எந்த விருதிலும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் துணைக்கால் இன்னும் கடைக்கு வரவில்லை. சோதனைக்காகச் சிலருக்குத் தரப்பட்டிருந்தது. சோதனையின் விதி கடுமையானது. கோளாறு வரலாம், காரணம் தெரியாத கோளாறு வரக்கூடாது. காரணம் தெரியாமல் நிற்கிற காலை, ஒருவர் சாலையைக் கடக்கும்போது எப்படி நம்புவது? மதிப்பாய்வு அந்த வாரம் வெள்ளிக்கிழமை. அதற்குள் காரணம் கண்டுபிடிக்காவிட்டால் சென்னியப்பனின் துணைக்காலைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அவர் மறுபடியும் கட்டிலுக்குப் போவார்.

வேறொரு அவசரமும் இருந்தது. பூங்கோதையின் அம்மா இறந்த பிறகு அப்பாவைப் பார்த்துக்கொண்ட வேலைக்கார அம்மாள், தனக்குப் பேரப்பிள்ளை பிறந்திருப்பதால் திருப்பூருக்குப் போகிறார். பூங்கோதை வாரத்தின் நடுவில் ஒருமுறை அலுவலகம் முடிந்து பொள்ளாச்சி பஸ் ஏறி, மருந்துகளைப் பிரித்து வைத்து, துணி துவைத்துப் போட்டு, விடியும் முன் கிளம்பி வேலைக்கு வருவாள். வார இறுதியிலும் அதேதான். இங்கே வீட்டில் மாமியாரின் கண் ஆபரேஷன், பிள்ளையின் பரீட்சை. இரண்டு ஊர்களிலும் அவள் எப்போதும் பாதி வந்தவளாகவே இருந்தாள். அப்பா இங்கேயே வந்துவிடுவது என்று எல்லோரும் பேசி முடிவு செய்தார்கள். அப்பாவும் சரி என்றார். வாயால் சரி என்றார்.

சில வாரங்களாகவே பூங்கோதை காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். கதவு நிலையின் இரும்புத் தகடு காரணமாக இருக்கலாம் என்று முதலில் தகட்டைப் பெயர்த்தாள். கால் நின்றது. வைஃபையை அணைத்தாள். நின்றது. தரை வழவழப்பை உள்ளங்கால் உணரி தண்ணீர் என்று நினைக்கிறதோ என்று சாக்கு விரித்தாள். சாக்கின் மேலேயே நின்றது.

பிறகு பக்கத்து வீட்டு டெய்சி டீச்சரிடம் அனுமதி கேட்டு, அதே கட்டிடக்காரர் கட்டிய, அதே அளவுக் கதவுள்ள அவர் வீட்டில் சோதித்தாள். சென்னியப்பன் நேராக உள்ளே போய், சோபாவில் உட்கார்ந்து, டீ குடித்து, டீச்சரின் மீன் தொட்டியைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தார்.

மரகதத்துக்கு அது தாங்கவில்லை.

“ஏம்மா கோதை, பக்கத்து வூட்டுல போயி டீ குடிக்குதாம். நம்ம வூட்டுக்குள்ள வரமாட்டேங்குதாம். அந்த டவுசருக்கு என்ற மேல என்ன கோவம்? நீதானே அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தே?”

“அத்தை, அதுக்கு உங்களத் தெரியாது.”

“தெரியாமத்தான் இப்படியா? தெரிஞ்சா என்ன பண்ணுமோ!”

இதற்கு நடுவில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. அதுதான் பூங்கோதையின் தூக்கத்தைக் கெடுத்தது. தை மாதம் பொங்கல் சீர் கொண்டுவந்தபோது அப்பா உள்ளே வந்தார். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, அவளுக்குப் புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி என்று நிறைந்த தட்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, ஒரு தயக்கமும் இல்லாமல் வாசலைத் தாண்டி, பூஜை அறை வரை போய் வைத்துவிட்டு, சோபாவின் நுனியில் சற்று நேரம் உட்கார்ந்து எழுந்து போனார்.

“எடை முன்பக்கம் சாயுது. உடம்போட சமநிலை மாறுது. அதனால கால் முன்னாடி போயே ஆகணும்” என்றார் அவளுடைய குழுத் தலைவர் ஆல்பர்ட். நல்ல விளக்கம்தான். அதே எடைக்கு ஒரு மணல் பையைக் கொடுத்து அப்பாவை நடக்க வைத்தார்கள். மணல் பையோடு அவர் வாசலில் நின்றார்.

திங்கட்கிழமை காலை பூங்கோதை அலுவலகத்தில் எல்லாப் பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டாள். முன் தொடைத் தசைக்கு ஒரு கோடு, பின் தொடைத் தசைக்கு ஒரு கோடு. நடக்கும்போது இரண்டும் ஊஞ்சல் மாதிரி மாறி மாறி ஏறி இறங்கும். ஒன்று காலை நீட்டும், மற்றொன்று மடக்கும். அவள் வீட்டு வாசலில் மட்டும் இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறியிருந்தன. மணல் பையோடு வந்த நாளிலும் அப்படித்தான். சீர்த் தட்டோடு வந்த நாளிலும் டீச்சர் வீட்டிலும் இல்லை.

ஆல்பர்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“ரெண்டும் ஒரே நேரத்துல இறுகுது பாருங்க. கால் விறைச்சுப் போகும். நாம தூக்கத்துல இருந்து எழுந்து இருட்டுல நடக்கும்போது ஏதோ தட்டுப்பட்டா சட்டுனு நிப்போமே, அது இதுதான்.”

“அப்ப இது...”

“நில்லுங்கற கட்டளை. மெஷின் சரியாத்தான் கேட்டிருக்கு. ஒட்டுல தப்பில்ல, மோட்டார்ல தப்பில்ல. நில்லுன்னு சொன்னது எங்கப்பா.”

ஆல்பர்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஆனா அவர் வர்றேன்னுதானே சொல்றார்?”

“வாய் சொல்லுது. தொடை சொல்ல மாட்டேங்குது. நாம வாயில ஒட்டு வைக்கலையே.”

ஆல்பர்ட் குரலைத் தாழ்த்தினார்.

“வழி இருக்கு, உங்களுக்கே தெரியும். அந்த வாசல் எங்க இருக்குன்னு மெஷினுக்குச் சொல்லிட்டா, அங்க மட்டும் நில்லுங்கறதைக் கண்டுக்காம விடலாம். ஒரு வரிதான். அவரே நடந்த மாதிரிதான் இருக்கும். அவருக்குக்கூடத் தெரியாது.”

துணைக்காலின் முதல் விதியை எழுதியது பூங்கோதைதான். ‘நில் என்றால் நிற்க வேண்டும். மற்ற எந்தக் கட்டளையும் அதற்குப் பிறகுதான்.’ ஆனால் கட்டிலில் கிடந்த அப்பாவையும் அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு வரியை அன்று மாலைக்குள் எழுதி முடித்தாள். யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் நல்லது. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

எழுதிய வரியை அப்பா காலில் போடுவதற்கு முன் தன் காலில் போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். குழுவின் சோதனைத் துணைக்கால் ஒன்றைக் காரில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்று மாட்டிக்கொண்டாள். எந்தச் சோதனைக்கும் முன்னால் மாற்றம் எதுவும் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பிறகு ஒப்பிட முடியும். அதனால் புது வரியை அணைத்து வைத்துவிட்டு நடந்தாள். துளசித் தொட்டியைச் சுற்றினாள். படி ஏறினாள். கதவு திறந்திருந்தது. உள்ளே மரகதம் கீரை ஆய்ந்துகொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் கால்கள் நின்றன.

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ இணைப்பு தளர்ந்திருக்கும் என்று குனிந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கைக்கணினியைப் பார்த்தாள். இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறியிருந்தன. அப்பாவுடையவை அளவுக்கு உயரமில்லை. ஆனால் அதே வடிவம்.

“அத்தை, வந்துட்டேன்” என்றாள், தன்னையறியாமல்.

“வா, வா” என்றார் மரகதம், திரும்பிப் பார்க்காமலேயே.

கோடுகள் இரண்டும் இறங்கின. கால்கள் நடந்தன.

பூங்கோதை நடுக் கூடத்தில் அப்படியே நின்றாள். மரகதம் கீரையை வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன, உனக்கும் டவுசரு மாட்டியாச்சா?”

“அத்தை, நான் தினமும் வாசல்ல நிக்கறனா?”

“தினமும்தான். வந்துட்டேன்னு சொல்லுவ. நான் வான்னு சொல்ற வரைக்கும் செருப்போட நிப்ப. கல்யாணமாயி வந்த நாள்ல இருந்து அப்படித்தான். மரியாதை தெரிஞ்ச புள்ளைன்னு நான் ஒறம்பரைகிட்டல்லாம் சொல்லிட்டிருக்கேன்.”

வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளையும் சொந்தக்காரர்களையும் ஒறம்பரை என்பது அந்தப் பக்கத்து வழக்கு. அந்தச் சொல் அன்றைக்குப் பூங்கோதையின் காதில் புதிதாக விழுந்தது. இந்த வீடு அவளும் யுவராஜும் சேர்ந்து சம்பாதித்துக் கட்டியது. சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று படம் போட்டதே அவள்தான்.

புது வரியை அவள் சோதிக்கவில்லை.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆனைமலைக்குப் போனாள். அப்பா வாசல் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு, கைக்கணினியில் கோடுகளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். லாரி ஓட்டியவருக்குப் புரியும்படி சொன்னாள்.

“ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒண்ணா மிதிச்சா வண்டி என்னப்பா பண்ணும்?”

“உறுமும். நகராது.”

“எங்க வூட்டு வாசல்ல நீங்க அதத்தான் பண்றீங்க.”

சென்னியப்பன் கோடுகளை நீண்ட நேரம் பார்த்தார். அவர் முகம் சிறுத்துப்போயிற்று.

“நான் பொய் சொல்லல அம்மிணி. வரணும்னுதான் நெனைக்கறேன். உன்ற கையில சாப்பிடணும், பேரன் படிக்கறதப் பாக்கணும்னு எனக்கு இருக்காதா?”

“தெரியும்பா. ஒரு வரி எழுதி வெச்சிருக்கேன். அதப் போட்டா, நீங்க நில்லுன்னாலும் கால் கேட்காது. உள்ள போயிடும். போடட்டுமா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “என்ற கால நீ ஓட்டறதுக்கா?”

“ஆமாப்பா.”

“நீயாக் கேட்டதுனால சொல்றேன். கேக்காமப் போட்டிருந்தீன்னா, நான் தெரிஞ்சுட்டு அன்னைக்கே இதக் கழட்டி வீசியிருப்பேன். கட்டில்லயே கெடந்துட்டுப் போறேன், பரவால்ல.”

“போடமாட்டேன். அழிச்சர்றேன்.” அவர் கண் முன்னாலேயே அழித்தாள். “ஆனா ஏம்ப்பா? டீச்சர் வூட்டுக்குப் போறீங்க. சீர் கொண்டாந்தா எங்க வூட்டுக்கும் வர்றீங்க.”

சென்னியப்பன் தென்னையின் தூரில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“டீச்சருக்கு நான் யாரு? வழிப்போக்கன். டீயக் குடிச்சமா, வந்தமான்னு ஆச்சு. சீர் கொண்டாரப்ப எனக்கு அங்க ஒரு வேலை இருக்குது. குடுக்க வந்திருக்கேன், குடுத்தாக் கெளம்பிருவேன். வெறுங்கையோட, இருக்கறதுக்குன்னு வந்தா? பொண்ணக் குடுத்த வூட்டுல நான் ஒறம்பரை. ஒறம்பரைன்னா எப்பக் கெளம்பறதுன்னு யோசிச்சுட்டேதான் அம்மிணி உள்ள வரணும். உன்ற மாமியா நல்ல மனுசி. மாப்பிள்ளை தங்கம். அதுனாலதான் இன்னுங் கஷ்டமா இருக்குது.”

பூங்கோதை கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “என்னையும் அது நிறுத்திருச்சுப்பா.”

“எங்க?”

“எங்க வாசல்லயேதான்.”

அவர் சட்டென்று திரும்பினார். தன் கோடுகளைப் பார்த்தபோது வராத கோபம் இப்போது வந்தது.

“உன்ற வூட்டு வாசல்லயேவா? நீ எதுக்கு நிக்கற?”

“அத்தை வான்னு சொல்லட்டும்னு.”

“அவுங்க சொல்லலைன்னா?”

“அப்படி ஒருநாளும் ஆனதில்ல.”

“அதுசரி, சொல்லலைன்னா?”

அவர் துணைக்காலை மெல்ல நகர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீயே அங்க ஒறம்பரையா நின்னா, உன்னைய நம்பி வர்றவன் என்னாவான்? நீ என்னைக்காவது ‘என் வூட்டுக்கு வாங்கப்பா’ன்னு கூப்பிட்டிருக்கறயா? அத்தை வரச் சொன்னாங்க, அவரு கூட்டியாரச் சொன்னாரு. எப்பவும் இன்னொருத்தரு பேரச் சொல்லித்தான் கூப்பிடுவ.”

மரியாதை என்று நினைத்துத்தான் அவள் அப்படிக் கூப்பிட்டாள். சம்பந்தி வீட்டார் முறையாக அழைத்தார்கள் என்றால் அப்பாவுக்குக் கௌரவம் என்று எண்ணினாள்.

“எஸ்டேட்டு ஷெட்டுல லாரிச் சாவியெல்லாம் ஒரு பலகையில தொங்கும்” என்றார் அவர். “எந்த லாரியும் எவனுதும் கெடையாது. ஆனா சாவி எவங்கையில இருக்குதோ, அன்னைக்கு அது அவன் வண்டி. தொடைப்பான், தண்ணி ஊத்துவான், சத்தம் மாறுனாக் காது குடுத்துக் கேப்பான். பக்கத்து சீட்டுல தொத்திட்டு வர்றவன் அதெல்லாம் பண்ண மாட்டான். எறங்கற எடத்தையேதான் பாத்துட்டு வருவான்.” பிறகு கேட்டார்: “உங்க வூட்டுச் சாவி யாருகிட்ட இருக்குது?”

“ஒண்ணுதான் இருக்கு. அத்தை இடுப்புல.”

“அப்ப மொதல்ல உன்ற கால உள்ள போகச் சொல்லு, அம்மிணி. பொறவு என்ற காலப் பாக்கலாம்.”

அவர்கள் தெருவில் எல்லா வீடுகளிலும் முகம் பார்த்துத் திறக்கும் பூட்டுகள் வந்துவிட்டன. மரகதம்தான் ஒப்புக்கொள்ளவில்லை. ‘எம் மொகம் காத்தால ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதுக்கு எது புடிக்குமோ’ என்று சொல்லிப் பழைய பித்தளைப் பூட்டையே வைத்திருந்தார். எப்போதும் வீட்டில் யாராவது இருப்பார்கள் என்பதால் இன்னொரு சாவி தேவைப்பட்டதே இல்லை.

அன்று மாலை பூங்கோதை வாசலுக்கு வந்தாள். துணைக்கால் மாட்டவில்லை. இருந்தும் தன் தொடை இறுகுவதை இப்போது அவளால் உணர முடிந்தது. கதவைத் தாண்டி உள்ளே போய், மாமியாரின் முன்னால் உட்கார்ந்தாள்.

“அத்தை, எனக்கு வீட்டுச் சாவி வேணும். எங்கப்பாவுக்கும் ஒண்ணு வேணும்.”

மரகதத்தின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. “எதுக்கு? நான் வூட்லதான இருக்கேன்? எப்ப வந்தாலும் தொறந்துதான கெடக்குது?”

“தொறந்துதான் இருக்கு. ஆனா நீங்க வான்னு சொல்லணும்னு நிக்கறோம். நானும் அவரும். நீங்க எங்களத் தடுக்கல, அது எனக்குத் தெரியும். இது எங்க தொடையில இருக்கற விஷயம்.” முன் தொடையையும் பின் தொடையையும் தொட்டுக் காட்டி, ஊஞ்சல், பிரேக், கோடுகள் எல்லாவற்றையும் விளக்கினாள். “வெள்ளிக்கிழமை அவர் உள்ள வந்து காட்டுனாத்தான் காரணம் இதுதான்னு ஒத்துக்குவாங்க. இல்லைன்னா அந்தக் காலத் திருப்பி எடுத்துக்குவாங்க, அத்தை. மறுபடியும் கட்டில்தான்.”

டிவியில் யாரோ சிரித்தார்கள். மரகதம் அதை அணைத்தார்.

“நான் கண்ணாபரேசன் பண்ணிட்டுக் கெடந்தப்ப, சொட்டு மருந்து யாரு ஊத்துனா?”

“நான்தான்.”

“என்ற மவன் ஊத்தல. அவன் ஊத்துனா மருந்து மூக்குல போகும்.” இடுப்பிலிருந்து சாவியை உருவினார். “நீ எனக்குப் பண்ணுனத உன்ற அப்பனுக்குப் பண்றதுக்கு, நான் வான்னு சொல்லோணுமா? எனக்குக் கூச்சமா இருக்குது புள்ள. இந்தா. இதே மாதிரி மூணு வெட்டிட்டு வா. என்ற மவன் அந்தத் தூங்குமூஞ்சிக்கும் ஒண்ணு வேணும். இல்லைன்னா நாளைக்கு அவன் வாசல்ல நிப்பான்.”

பூங்கோதை சாவியை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

“இரு” என்றார் மரகதம். “வெள்ளிக்கிழமை சம்பந்தி வர்றப்ப நான் உள்ள இருந்தா, பழக்கத்துல வாங்கன்னு சொல்லிப் போடுவேன். நான் வாங்கன்னா அவரு ஒறம்பரையா ஆயிருவாரு. அதனால அன்னைக்கு நானும் வெளியதான் நிப்பேன்.”

வெள்ளிக்கிழமை காலை பூங்கோதை முதலில் தன்னைச் சோதித்தாள். சோதனைத் துணைக்காலை மாட்டிக்கொண்டு, பூட்டியிருந்த கதவைத் தன் சாவியால் திறந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள். கோடுகள் ஊஞ்சல் மாதிரி மாறி மாறி ஆடின. மரகதம் பின்னால் நின்று, “செருப்பக் கழட்டுடி!” என்று கத்தினார். அதற்கும் கால்கள் நிற்கவில்லை.

பத்து மணி வாக்கில் ஆல்பர்ட் கைக்கணினியோடு வந்தார். யுவராஜ் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மாமனாரின் துணி மூட்டையையும் அவருடைய பழைய ரேடியோவையும் காரிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு நின்றான். கதவு பூட்டியிருந்தது. வீட்டுக்குள் யாரும் இல்லை. எல்லோரும் துளசித் தொட்டிக்கு இந்தப் பக்கம், வெயிலில் நின்றார்கள். டெய்சி டீச்சர் மதில்மேல் கையூன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா” என்றாள் பூங்கோதை. யார் பெயரையும் சொல்லவில்லை. “இது என் வீடு. இது உங்க சாவி.”

சென்னியப்பன் சாவியை வாங்கி, வண்டிச் சாவியைப் பார்க்கிறவர் மாதிரி திருப்பிப் பார்த்தார். புதிதாக வெட்டிய பித்தளை மினுங்கியது. படியேறினார். கதவுக்கு முன்னால் நின்றார். ஆல்பர்ட் திரையைப் பார்த்தார். கோடுகள் அமைதியாக இருந்தன. பூட்டைத் திறக்க நிற்பது வேறு, தயங்கி நிற்பது வேறு. அந்த வித்தியாசம் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

புதுச் சாவி என்பதால் பூட்டு பிடிவாதம் பிடித்தது.

“கொஞ்சம் மேல தூக்கித் திருப்போணுமுங்க” என்று வாய்வரை வந்ததை மரகதம் சேலை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

சென்னியப்பன் சாவியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, காதைப் பூட்டோடு வைத்துக் கேட்டார். மெல்ல மேலே தூக்கித் திருப்பினார். கதவு திறந்தது. முன் தொடை, பின் தொடை, முன் தொடை. வலது பாதம் எழுந்து, நிலையைத் தாண்டி, உள்ளே பதிந்தது. பிறகு இடது. உள்ளே அவர் விளக்கு சுவிட்சைத் தேடும் சத்தம் கேட்டது. மின்விசிறி ஓட ஆரம்பித்தது.

வெளியே யாரும் அசையவில்லை. கூடத்துக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தார் சென்னியப்பன்.

“ஏனுங்க எல்லாரும் வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க!”

“வந்துட்டமுங்க” என்றார் மரகதம், முந்தானையை எடுத்துவிட்டு. “பூட்டுக்கு எண்ணெய் விடோணும் சம்பந்தி. நாலு வருசமா என்ற மவன்கிட்டச் சொல்லிட்டிருக்கேன்.”

“இன்னைக்கே விட்டர்றனுங்க. எண்ணெய் எங்க இருக்குதுங்க?”

“அடுப்படி அலமாரில பாருங்க. அப்படியே பாலை அடுப்புல வெச்சிருங்க. எல்லாரும் காப்பி குடிக்கோணும்.”

ஆல்பர்ட் படியில் நின்றபடியே மதிப்பாய்வின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தமும், மூட்டையோடு உள்ளே போயிருந்த யுவராஜ் “மாமா, அது மோர்!” என்று கத்துவதும் கேட்டன.

“காரணம்னு என்ன எழுதறது? சரிசெய்த முறைன்னு என்ன எழுதறது?”

“குடுங்க, நானே எழுதறேன்” என்றாள் பூங்கோதை. அவள் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. விரலால் எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாரும் கூப்பிடக் காத்திராமல் உள்ளே போனாள்.

ஆல்பர்ட் படித்தார்.

‘கருவியில் கோளாறு இல்லை. நில் என்ற கட்டளைக்குக் கருவி சரியாகவே கீழ்ப்படிந்தது. அந்த விதியை மாற்ற வேண்டியதில்லை. பயனருக்கும் அவர் மகளுக்கும் வீட்டுச் சாவி ஒவ்வொன்று கொடுக்கப்பட்டது. இப்போது நடக்கிறார்.’